ஏழாவது அட்டைதான் தப்பு: சின்னப் பிள்ளைகளோடு கோடிங்

ஆறேழு வயதுப் பிள்ளைக்குக் கோடிங் சொல்லித்தர எந்த லேப்டாப் வாங்கலாம் என்று கேட்கும் பெற்றோரிடம், இப்போதைக்கு எதுவும் வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். பழைய காலண்டர் அட்டை, ஸ்கெட்ச் பேனா, சாக்பீஸ், டைல்ஸ் தரை போதும். எங்கள் குடியிருப்பின் பொது அறையில் சனிக்கிழமை மாலைகளில் பிள்ளைகளைச் சேர்த்து இதைச் செய்துவருகிறேன்.

முதலில் ரோபோ விளையாட்டு. ஒரு டைல் ஒரு கட்டம். நடுவே பிளாஸ்டிக் ஸ்டூல்கள் தடையாக நிற்கும். மறுகோடியில் ஒரு பந்து. ஒரு பிள்ளை ரோபோ, இன்னொரு பிள்ளை அந்த ரோபோவைப் பந்திடம் கொண்டுசேர்க்கும்படி அட்டை அடுக்க வேண்டும். 'ஒரு கட்டம் முன்னால் போ', 'இடப்பக்கம் திரும்பு', 'வலப்பக்கம் திரும்பு' என்று மூன்றே வகை அட்டைகள். முழு வரிசையையும் அடுக்கி முடித்த பிறகுதான் ரோபோ நகரும். நகர ஆரம்பித்ததும் யாரும் வாய் திறக்கக் கூடாது. இதில் மட்டும் நான் கறார். நடக்க நடக்க வழி சொல்வது எல்லோருக்கும் வரும். நடப்பதற்கு முன்பே வழி முழுவதையும் யோசித்து வைப்பதுதான் புரோகிராம்.

அநேகமாக எல்லாப் பிள்ளைகளும் முதலில் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். 'இடப்பக்கம் திரும்பு' என்று வைத்தால் ரோபோ இடப்பக்க டைலுக்கே போய்விடும் என்று நினைக்கிறார்கள். நின்ற இடத்திலேயே திரும்ப வேண்டும், அப்புறம்தான் முன்னால் போக வேண்டும் என்பது சொல்லிப் புரிவதில்லை, ரோபோவாக நடந்தால் உடனே புரிகிறது. அடுத்த சிக்கல், ரோபோ நம்மைப் பார்த்து நிற்கும்போது யாருடைய இடது? ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி எழுந்து போய் ரோபோவின் முதுகுப் பக்கம் நின்று, அது பார்க்கும் திசையிலேயே பார்த்து, கையை நீட்டிச் சரிபார்த்துவிட்டு வந்து அட்டையை மாற்றினாள். யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. 1967இல் லோகோ என்ற பிள்ளைகளுக்கான கணினி மொழியைச் சகாக்களோடு உருவாக்கிய சேமூர் பேப்பர்ட், அந்த மொழியின் கட்டளைப்படி திரையில் கோடு வரையும் ஆமை குழப்பினால் நீயே ஆமையாக நடந்து பார் என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்வார். அது எவ்வளவு சரி என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

ரோபோ ஸ்டூலில் போய் முட்டியதும் பிள்ளைகள் எல்லா அட்டையையும் கலைத்துவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கத்தான் பார்ப்பார்கள். அதைத் தடுக்கப் புளியங்கொட்டை வைத்திருக்கிறேன். ஒவ்வோர் அட்டையையும் வாசித்து முடித்ததும் அதன் மேல் ஒரு கொட்டை வைக்க வேண்டும். முட்டிய நொடியில் கடைசிக் கொட்டை எந்த அட்டையில் இருக்கிறதோ, அங்கிருந்து பின்னோக்கிப் பார்த்தால் போதும். ஒருமுறை அப்பா ஒருவர், ரோபோவாக நின்ற தன் மகனை, "ஒழுங்கா பார்த்து நடடா" என்று அதட்டினார். அட்டை அடுக்கிய பையன் உடனே, "அங்கிள், அவன் சரியாத்தான் நடந்தான். ஏழாவது அட்டைதான் தப்பு, அது நான் வச்சது" என்றான். கூச்சமே இல்லாமல் சொல்லிவிட்டு அட்டையை மாற்றப் போய்விட்டான். இந்த வகுப்பில் எனக்கு மிகப் பிடித்த நிமிடம் அதுதான். பெற்றோர் பக்கத்தில் உட்காரலாம், அட்டையில் மட்டும் கை வைக்கக் கூடாது என்று நான் கேட்டுக்கொள்வதும் இதற்காகத்தான்.

திரும்பத் திரும்பச் செய்வதைச் சொல்லித்தரக் கோலத்தைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஒரு மூலைக்கான கட்டளைகளை மட்டும் எழுதி, கால் வட்டம் திரும்பி, 'மீண்டும் 4' என்ற அட்டையை வைத்தால் முழுக் கோலம் வந்துவிடும். பேத்தியை அழைத்துப்போக வந்த பாட்டி ஒருவர், "ஒரு மூலை வந்துட்டா மத்த மூணும் அதேதானே கண்ணு" என்று தரையில் உட்கார்ந்து போட்டே காட்டினார். தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிரித்திவாசனுடன் சேர்ந்து, கோலத்தைக் கணினி இலக்கணமாக, அதாவது வரைவதற்கான விதிகளாக, எழுதலாம் என்று 1974லேயே ஆய்வுக்கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். இதைச் சொன்னதும் பாட்டிக்கு ஒரே சந்தோஷம்.

எட்டு வயதுக்கு மேல் என்றால் 16, 8, 4, 2, 1 புள்ளி போட்ட ஐந்து அட்டைகளில் வேண்டியதை மட்டும் திறந்து வைத்து, புள்ளிகளின் கூட்டுத்தொகையாகப் பிறந்த தேதியைக் காட்டச் சொல்லலாம். ஐந்தையும் கூட்டினால் 31, ஆக எந்தத் தேதியும் அடங்கிவிடும். நியூசிலாந்தின் கணினிப் பேராசிரியர் டிம் பெல் குழுவினர் பரப்பிய விளையாட்டு இது.

திரைக்கு வரும்போது, வாசிக்கத் தெரியாத பிள்ளைக்குப் படக் கட்டளைகளை அடுக்கிப் பழகும் ஸ்கிராட்ச் ஜூனியர் செயலி சரி. வாசிக்கிற பிள்ளைக்குச் சொற்களால் ஆன கட்டளைகள் கொண்ட ஸ்கிராட்சைக் கொடுக்கலாம்.

இப்போது 'சிவப்புத் தட்டு காட்டினால் நில், இல்லையென்றால் போ' என்று நிபந்தனை சொல்லும் அட்டை ('காட்டினால்' என்பதில் வரும் 'ஆல்') ஒன்றைச் சேர்த்திருக்கிறேன். எட்டு வயதுக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். ஆறு வயதுப் பிள்ளைகளோ தட்டு வருவதற்கு முன்பே நின்றுவிடுகிறார்கள். அந்த வயதில் இதைச் செய்து பார்த்தவர்கள் எப்படிச் செய்தீர்கள் என்று எழுதுங்கள்.