மறு: மறு: கிளிக்பெயிற்றுக்குத் தமிழ் (வெள்ளிக்கு முன் வேண்டும்)

கோண்டாவில் ரீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். உயர்தர 'தொடர்பாடலும் ஊடகக் கற்கையும்' பாடத்துக்கு நாலு பக்கக் குறிப்பு ஒன்று எழுதுகிறேன், வெள்ளி காலை போட்டோகொப்பிக்குக் கொடுக்க வேண்டும். மற்றதெல்லாம் முடிந்துவிட்டது, கிளிக்பெயிற் (விசயத்தைச் சொல்லாமல் ஆளைக் கிளிக் பண்ணவைக்கிற இணையத் தலைப்பு) என்ற சொல் மட்டும் தமிழில்லாமல் நிற்கிறது. அப்படியே தமிழெழுத்தில் போட்டால் பிள்ளைகளுக்கு விளங்கும், எனக்குத்தான் மனம் வரவில்லை.

எடுத்துக்காட்டுக்கு, 2020 ஒக்ரோபரில் கிரிக்கெற் வீரர் முரளிதரனின் வாழ்க்கைப் படத்திலிருந்து விஜய் சேதுபதி விலகிய கதையை எடுத்திருக்கிறேன். விலகச் சொல்லி முரளிதரனே விட்ட அறிக்கையைப் போட்டு, அதோடு அவர் எழுதியது 'நன்றி, வணக்கம்' என்ற இரண்டே சொல். 'முரளிதரன் படத்திலிருந்து விஜய் சேதுபதி விலகினார்' என்று ஒரு வரியில் முடிகிற செய்தி. அதையே 'பிரபல நடிகர் எடுத்த திடீர் முடிவு! அதிர்ச்சியில் ரசிகர்கள்' என்று போட்டால் என்ன நடக்கிறது என்று கேட்கப் போகிறேன். பிள்ளைகள் உடனே பிடித்துவிடுவார்கள். பிடித்ததுக்கு ஒரு பெயர் தாருங்கள்.

கரவெட்டி மாஸ்டர் எழுதியது:

பிள்ளை, வள்ளுவர் எப்போதோ தந்துவிட்டார். சூது அதிகாரம், 931: 'வேண்டற்க வென்றிடினும் சூதினை வென்றதூஉம் தூண்டிற்பொன் மீன்விழுங்கி யற்று.' இங்கே பொன் தங்கம் அல்ல, இரும்பு. இரைக்குள் மறைந்த இரும்பு என்றுதான் பரிமேலழகரும் உரை சொல்கிறார். மீன் இரையென்று நம்பி விழுங்குகிறது. ஆகவே தூண்டிற்பொன். இன்னொன்று, தூண்டுவதால் தூண்டில். விளக்குத் திரியைத் தூண்டுகிறோம், ஆசையைத் தூண்டுகிறோம், தூண்டாமணிவிளக்கு என்கிறோம். தூண்டு, துண்டு, துணி எல்லாம் ஒரு வேர் என்பது என் கட்சி, அதைத் தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

யாழ் நகரிலிருந்து, செய்தித்தளம் ஒன்றில் வேலைசெய்பவர்:

மாஸ்டர், குறள் அருமை. ஆனால் 'தூண்டிற்பொன்' என்று போட்டால் அடகுக்கடை விளம்பரம் என்று நினைத்துச் சனம் அமத்தும், அதுவே கிளிக்பெயிற் ஆகிவிடும். நான் 'தூண்டில் தலைப்பு' என்பேன். கேட்டவுடன் விளங்கவேண்டும், அவ்வளவுதான்.

ரீச்சர், குறிப்பில் ஒன்றைச் சேருங்கள். இது மிகைப்படுத்தல் அல்ல, பொய்யும் அல்ல. யார், எங்கே, என்ன என்ற மூன்றில் இரண்டையாவது எடுத்து ஒளித்துவைப்பதுதான் வேலை. எங்கள் தளத்தில் எனக்குச் சொல்லித்தந்த முதல் பாடமே அது. ஊரின் பெயர் போடாதே, 'யாழில்' என்று மட்டும் போடு, அப்போதுதான் கனடாவில் இருப்பவர் தன் ஊரோ என்று பதறித் திறப்பார். 'யாழில் குடும்பஸ்தர் எடுத்த விபரீத முடிவு'. விபரீத முடிவு என்றால் என்னவென்று இங்கே எல்லோருக்கும் தெரியும். ஒரு வீட்டில் சாவு விழுந்ததுக்கும் 'முடிவு', நடிகர் தாடி எடுத்ததுக்கும் 'முடிவு', ஒரே அச்சு. போன மாதம் ஒருநாள் இரண்டையும் அடுத்தடுத்து நானே தட்டச்சுச் செய்தேன்.

கரவெட்டி மாஸ்டர்:

'தூண்டில் தலைப்பு' புணர்ச்சிப் பிழை. கல் + தூண் கற்றூண் என்றால், தூண்டில் + தலைப்பு தூண்டிற்றலைப்பு. நாவலர் பிறந்த மண்ணில் இதையும் நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

பாரிஸ் அண்ணை:

பிரெஞ்சில் கிளிக்குக்கான பொறி என்றுதான் சொல்கிறார்கள். நாங்களும் 'சொடுக்குப்பொறி' என்போம். எலிப்பொறிக்குள் அம்மா கொளுவிவிடுகிற தேங்காய்ச்சொட்டு நினைவிருக்கிறதா? கணனியில் இருப்பதும் எலிதானே. பொறி என்ற சொல்லுக்குள் இயந்திரம், தீப்பொறி, ஐம்பொறி எல்லாம் அடங்குகிறது, கண்ணென்ற பொறிதானே முதலில் மாட்டுப்படுகிறது...

[கணனியா, கணினியா, கணணியா என்று இதற்குக் கீழே வந்த ஒன்பது மடல்களை இந்தத் திரியிலிருந்து எடுத்துவிட்டேன். போன வருடமும் இதைத்தான் பேசினோம். – மட்டுறுத்துநர்]

குருநகரிலிருந்து ஒருவர்:

நான் இலக்கணம் படித்தவனில்லை, என் ஐயா தூண்டில்காரர். தூண்டில் வேறு, இரை வேறு. நீங்கள் மொழிபெயர்க்கிற 'பெயிற்' என்றால் இரை. இறால் துண்டை வளைத்து முள்ளு தெரியாமல் குத்துவார், முனை விரலில் தட்டுப்பட வேண்டும், கண்ணில் படக்கூடாது. மீனுக்குக் காட்டுவது நிச இறால்தான், அதில் ஏமாற்று இல்லை. இந்தத் தலைப்புகளில் இறாலும் இல்லை. வெறும் முள்ளைத்தான் போடுகிறார்கள், நாங்களும் போய் மாட்டுகிறோம். அதனால் இரை என்ற சொல்லே பொருந்துமோ தெரியவில்லை.

திருநெல்வேலி, பல்கலைக்கழக மாணவி:

குருநகர் அண்ணா சொன்னதுதான் சரியென்று படுகிறது. செய்தித்தள அண்ணாவும் ஒளிப்பது என்றுதானே எழுதினார்? 'ஒளிப்புத் தலைப்பு' என்று வைக்கலாமே. ஒளிச்சுப் பிடிச்சு விளையாடாத பிள்ளை இல்லை. (ஒளி என்றால் வெளிச்சமும்தான், மாஸ்டர், தெரியும். ஒளிபரப்பு என்பதை மறைத்துப் பரப்புவது என்று யாரும் படிப்பதில்லையே. சில ரிவி விவாதங்களைப் பார்த்தால் அப்படியும் படிக்கலாம்.)

இன்னொன்று, சொல் பொருந்தவேண்டும் என்று இவ்வளவு கஷ்டப்படத் தேவையில்லை. 'மஞ்சள் பத்திரிகை' என்பது 1890களில் நியூயோர்க்கில் பத்திரிகை முதலாளிகள் புலிற்சரும் ஹேர்ஸ்ரும் மஞ்சள் சட்டைச் சித்திரப் பையனுக்காக அடிபட்டதில் பிறந்த பெயர். எங்களுக்கு மஞ்சள் மங்கலம், கலியாண அழைப்பிதழின் மூலையில் பூசுகிறோம். இருந்தும் அந்தச் சொல் நின்றுவிட்டது, யாரும் குழம்பவில்லை.

கரவெட்டி மாஸ்டர்:

நின்றது என்பதற்காகச் சரியாகிவிடாது. மூலையில் பூசும் மஞ்சளுக்கும் இந்தக் குப்பைக்கும் ஒரே பெயர் என்பது எனக்கு இன்றைக்கும் அருவருப்பு.

பாரிஸ் அண்ணை:

பொறியைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லையே?

கோண்டாவில் ரீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. வியாழன் இரவு பதினொன்றரை வரை பார்த்திருந்தேன். 'தூண்டில் தலைப்பு' என்றே போட்டுவிட்டேன், ஏழு பேர் அதன் பக்கம், அதில் நாலு பேர் 'சரி, ஏதோ ஒன்று' என்று எழுதியவர்கள். ஒளிப்பு என்பது எனக்கும் பிடித்திருந்தது, ஆனால் வகுப்பில் வாசித்துக் காட்டியபோது முன்வாங்குப் பிள்ளை 'லைற் தலைப்பா மிஸ்?' என்று கேட்டாள். அண்ணை, பொறியியல் படிக்கப்போகிற பிள்ளைகள் பக்கத்து வகுப்பில் இருக்கிறார்கள், மன்னிக்கவும். குருநகர் அண்ணா சொன்ன வெறும் முள்ளைப் பயிற்சிக் கேள்வியாக வைத்திருக்கிறேன்: 'இத்தலைப்பில் இரை எது?'

மாஸ்டர், குறளையும் தூண்டிற்பொன்னையும் நாலாம் பக்க அடிக்குறிப்பில் போட்டிருந்தேன். போட்டோகொப்பியில் கடைசி இரண்டு வரி வெட்டுப்பட்டுவிட்டது.

கரவெட்டி மாஸ்டர்:

வெட்டுப்பட்டதா, வெட்டினீர்களா?