பாரிஸில் வெலிப் சைக்கிள்: பெல்வில் மேட்டிலிருந்து தினமும் போகலாமா?

கேள்வி – கோவைக்காரி

வணக்கம். ஆய்வு வேலையாக அடுத்த மாதம் பாரிஸ் வருகிறேன், ஆறு மாதம் இருப்பேன். அறை கிடைத்திருப்பது பெல்வில் மேட்டில், ஜூர்தேன் மெட்ரோவுக்குப் பக்கத்தில். ஆய்வகம் ஜுஸ்யூவில். மெட்ரோவில் போய்விடலாம்தான். ஆனால் பள்ளிக்கூட நாளிலிருந்து சைக்கிள் மிதித்து வளர்ந்தவள் நான், ஊரையே பார்க்காமல் நிலத்துக்கடியில் போய்வர மனமில்லை. வெலிப் பொதுச் சைக்கிளை நம்பித் தினமும் கிளம்பலாமா? நமக்கு இடப்பக்கம் ஓட்டித்தான் பழக்கம், அங்கே வலப்பக்கம். 300 யூரோ பிணைத்தொகை என்றும் போட்டிருக்கிறார்கள், அதைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது.

பதில் – லாச்சப்பல் அக்கா

தங்கச்சி, தாராளமாக ஓடுங்கள். யாழ்ப்பாணத்தில் நாங்கள் பெண்பிள்ளைகள் எல்லாரும் டியூஷனுக்குச் சைக்கிளில்தான் போவோம். பரிஸுக்கு வந்தபிறகு பல வருடம் மெட்ரோவே கதி என்று இருந்துவிட்டேன். 2020இல் ரிவோலி வீதியில் பெரும்பகுதியைச் சைக்கிளுக்கு விட்ட பிறகுதான் எனக்குத் திரும்ப ஓட ஆசை வந்தது. அடுத்த வருடமே நகரின் பெரும்பாலான தெருக்களில் வேகத்தை 30 கிலோமீட்டராகக் குறைத்தார்கள். அந்த வித்தியாசம் சைக்கிளில் இருப்பவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

பிணைத்தொகையை முன்கூட்டியே எடுத்துக்கொள்ள மாட்டார்கள், வண்டி திரும்பி வராதது போன்ற சிக்கல் வந்தால்தான் அதில் கைவைப்பார்கள். ஆகவே வண்டியை விடும்போதுதான் கவனம் வேண்டும். நிலையத்தில் உள்ள பூட்டுத் தூணுக்குள் நன்றாகத் தள்ளி, பீப் சத்தம் கேட்டு, கைப்பிடி நடுவில் உள்ள திரையையும் பார்த்துவிட்டு, பிறகு போனில் பயணம் முடிந்ததாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். காட்டும்வரை அந்த இடத்தை விட்டு அசைய வேண்டாம். ஆறு மாதம் என்றால் நாள் சீட்டு வேண்டாம், மாதச் சந்தா எடுங்கள். 27 வயதுக்குக் குறைவு என்றால் கழிவும் உண்டு. மெட்ரோவுக்கு எடுக்கும் நவிகோ அட்டையையே வெலிப் கணக்கோடு இணைக்கலாம், திரையில் காட்டினால் பூட்டுத் திறக்கும்.

இனி வண்டியைத் தேர்ந்தெடுப்பது. பச்சை வண்டி காலால் மிதிப்பது, நீலம் மின்சாரம். நிலையத்துக்குப் போனதும் முதலில் சீட்டைப் பாருங்கள். சீட் பின்பக்கம் திரும்பியிருந்தால் அந்த வண்டியில் ஏதோ பழுது. ஓடிப் பார்த்தவர் அடுத்து வருபவருக்காகத் திருப்பி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். 2007 ஜூலையில் இந்தத் திட்டம் தொடங்கியது; இன்று 1,400க்கும் மேற்பட்ட நிலையங்கள் இருக்கின்றன. ஒருவரை ஒருவர் தெரியாத இத்தனை பேர் இந்த ஒரு வழக்கத்தைக் காப்பாற்றி வருவது எனக்கு இந்த ஊரில் மிகவும் பிடித்த விஷயம். உங்களுக்குப் பழுதான வண்டி வாய்த்தால் நீங்களும் மறக்காமல் திருப்பி வையுங்கள். சீட் நேராக இருந்தாலும், திறப்பதற்கு முன் டயரை அமுக்கி, இரண்டு பிரேக்கையும் பிடித்து, சங்கிலி ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

உங்கள் பாதை நல்ல பாதை. ஃபோபூர் டு தாம்ப்ள் வீதி வழியாக இறங்கினால் சேன் மார்த்தேன் கால்வாய். அங்கிருந்து ரிஷார் லெனுவார் பூல்வார் வழியாக பஸ்திய், பிறகு ஆன்றி 4 பூல்வார், சுல்லி பாலம் தாண்டினால் ஜுஸ்யூ. காலையில் முழுக்க இறக்கம். சிக்கல் என்னவென்றால், மேட்டில் இருக்கிற எல்லாருமே காலையில் இறங்கத்தான் பார்ப்பார்கள். ஜூர்தேன் பக்கத்து நிலையங்கள் சீக்கிரம் காலியாகிவிடும், கீழே ஜுஸ்யூவில் விட இடம் இருக்காது. எட்டு மணிக்கு முன்னாலேயே வெளிக்கிடுங்கள். ஆய்வகத்துக்குக் கிட்ட மூன்று நிலையங்களையாவது மனதில் வைத்திருங்கள். மாலையில் மேடேற நீல வண்டிதான் சரி. அதற்குத் தனிக் கட்டணம் உண்டு, ஆனால் பெல்வில் ஏற்றத்தில் பச்சையை மிதித்துப் பார்த்தால் காசு பெரிதாகத் தெரியாது.

பதில் – லியோன்வாசி

அக்கா சொன்னதோடு ஒன்று. எங்கள் லியோனில் வெலோவ் என்ற பொதுச் சைக்கிள் 2005இலேயே வந்துவிட்டது, பாரிஸுக்கு இரண்டு வருடம் முன்பு. இங்கே இடம் வலம் மாறுவதைவிட முதலில் என்னைத் தடுமாற வைத்தது வலப்பக்க முன்னுரிமைதான். பலகையோ சிக்னலோ இல்லாத சந்திப்பில் வலப்பக்கத் தெருவிலிருந்து வருபவருக்கே முதல் வழி. சின்னச் சந்திலிருந்து வந்தாலும் அவர் நிற்க மாட்டார், நீங்கள்தான் நிற்க வேண்டும்.

கோவைக்காரி

இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. அக்கா, ஹெல்மெட் கட்டாயமா? போகும்போது பாட்டுக் கேட்கலாமா? அப்புறம், நான் பெரும்பாலும் சுடிதார்தான் போடுவேன்.

லாச்சப்பல் அக்கா

12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குத்தான் ஹெல்மெட் கட்டாயம். ஆனாலும் ஒன்று வாங்கி வைத்திருங்கள், நான் போடாமல் வெளிக்கிடுவதில்லை. காதில் இயர்போன் கூடவே கூடாது, 2015இலிருந்து தடை, பிடித்தால் 135 யூரோ. துப்பட்டாவைக் கழுத்தில் விடாமல் பைக்குள் வைத்து முன்கூடையில் போடுங்கள். இறங்கும்போது பையை எடுக்க மறக்க வேண்டாம்.

சிவப்பு விளக்குக்குக் கீழே மஞ்சள் சைக்கிள் படமும் அம்புக்குறியும் உள்ள சின்ன முக்கோணப் பலகை இருந்தால், அம்பு காட்டும் பக்கம் நிற்காமல் போகலாம். ஆனால் கடப்பவர்களுக்கு வழிவிட்டுத்தான். பலகை இல்லையென்றால் சிவப்பில் நில்லுங்கள். எத்தனை பேர் உங்களைத் தாண்டிப் போனாலும் நில்லுங்கள். நடந்து போகும் வயதானவர்கள் சைக்கிள்காரர்களைக் கண்டு பயப்படுகிறார்கள், அது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

லாரி உங்களுக்கு முன்னால் வலப்பக்கம் திரும்ப நின்றால் அதன் வலப்புறம் நுழையவே வேண்டாம், பின்னாலேயே நில்லுங்கள். ஓட்டுநருக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள். நிறுத்திய கார்களை ஒட்டியும் போகாதீர்கள், எந்த நேரத்திலும் கதவு திறக்கலாம்.

வந்து சேர்ந்த முதல் ஞாயிற்றுக்கிழமை சேன் மார்த்தேன் கால்வாய்க்குப் போங்கள். ஞாயிறுகளில் அந்தக் கரையோரத் தெருக்களில் கார் விட மாட்டார்கள். வலப்பக்கம் ஓடிப் பழக அதுதான் நல்ல இடம். திங்கள் காலை வேலைக்கு அதே பாதையில் போங்கள்.