மறுமொழி: கண்ணுக்குள் தங்கிவிடும் லென்ஸ் துண்டுகளுக்கு என்ன சொல்?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

கண்புரை அறுவையில் மங்கிய லென்ஸை எடுக்கும்போது சில துண்டுகள் கண்ணுக்குள்ளேயே தங்கிவிடுவதுண்டு (retained lens fragments). அவற்றைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு ஐயா முன்வைத்த ‘எஞ்சிய வில்லைத் துண்டங்கள்’ (வில்லை என்றால் லென்ஸ்) இலக்கணப்படி சரிதான். ஆனால் பெங்களூரில் கண் அறுவைக்கு வருபவர்களுக்கு ஒப்புதல் படிவத்தைப் படித்து விளக்குவது என் வேலை. ஓசூர், கிருஷ்ணகிரியிலிருந்தும் இங்கே ஸ்ரீராமபுரம், அல்சூரிலிருந்தும் வரும் நம்மவர்களுக்கு ‘வில்லை’ பிடிபடுவதில்லை. ‘லென்ஸ் துண்டு’ என்றாலோ சிக்கல் இன்னும் பெரிது. அவர்கள் பேச்சில் லென்ஸ் என்பது புதிதாக வைக்கும் செயற்கை லென்ஸ் மட்டுமே. “லென்ஸ் துண்டு பின்னால் விழுந்திருக்கிறது” என்று சொன்னதும் ஒரு அம்மா பதறிப்போய், “காசு கட்டி வச்ச லென்ஸா உடைஞ்சுபோச்சு?” என்று கேட்டார்.

அதனால் நான் சொல்வது ‘புரைத்துணுக்கு’. புரை எல்லோருக்கும் தெரிந்த சொல். கன்னடத்திலும் ‘பொரெ’தான், எனவே இங்கே வளர்ந்த பிள்ளைகளுக்கும் புரியும். புரையைக் கண்மேல் படரும் தோல் என்று நினைப்பவர்கள் உண்டு என்ற மருத்துவ நண்பரின் மறுப்பு நியாயமானது. மங்கிப்போன இயற்கை லென்ஸ்தான் புரை என்று படிவத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

அடைமொழிக்கு வருவோம். ‘விடுபட்ட’ வேண்டாம், யாரோ மறந்துவிட்டது போலத் தொனிக்கும். மருத்துவரைக் காப்பாற்ற இதைச் சொல்லவில்லை. பின்உறை, அதாவது லென்ஸைச் சூழ்ந்த மெல்லிய உறையின் பின்பக்கம், கிழிந்தது என்பதைப் படிவத்தில் ஒளிக்காமல் எழுதியே ஆக வேண்டும். ‘நழுவிய’ அழகான சொல்தான், ஆனால் பின்பக்கம் விழுந்ததற்கு மட்டுமே பொருந்தும். துணுக்கு கருவிழிக்கு (cornea) நேர் பின்னால், கண்ணின் முன்னறையிலேயே ஒளிந்திருப்பதும் உண்டு. ‘தங்கிய’ இரண்டுக்கும் பொருந்துகிறது.

துணுக்கு என்று வைத்துக்கொள்வதில் இன்னொரு வசதி: மென்துணுக்கு, வன்துணுக்கு என்று பிரிக்கலாம். சிகிச்சையே இந்தப் பிரிவை ஒட்டித்தான் நடக்கிறது. லென்ஸின் வெளிப்பகுதியிலிருந்து வரும் சிறிய மென்துணுக்கு பெரும்பாலும் தானே கரையும். சொட்டு மருந்து போட்டுக் கண்காணிக்கலாம். நடுப்பகுதியின் வன்துணுக்கு எளிதில் கரையாது. அழற்சி வரும், கண்ணழுத்தம் ஏறும், கருவிழி வீங்கும். அறுவையின்போது பின்னால் விழும் துணுக்கைத் துரத்திப் பிடிக்கப் போனால், கண்ணின் பின்பகுதியை நிரப்பியிருக்கும் விழிக்கூழ் (vitreous) இழுபட்டு விழித்திரை கிழியலாம். அதனால் கண்ணை முறையாக மூடிவிட்டு விழித்திரை மருத்துவரிடம் அனுப்புவதே நல்லது. அவர் கருவிழி ஓரத்திலிருந்து 3.5 மி.மீ. அளவு பின்னால் துளைகள் இட்டு, முதலில் விழிக்கூழை வெட்டி உறிஞ்சிவிட்டுத்தான் துணுக்கை எடுப்பார். இந்த அறுவைக்கு (vitrectomy) ‘விழிக்கூழ் அகற்றல்’ என்ற பெயர் போதும் என்று நினைக்கிறேன்.

படிவத்தில் இப்படி எழுதலாம்: “அறுவையின்போது பின்உறை கிழிந்ததால் உங்கள் புரையின் ஒரு வன்துணுக்கு கண்ணின் பின்பகுதியில் தங்கியிருக்கிறது. விழிக்கூழ் அகற்றி அதை எடுக்க வேண்டும்.”

அப்புறம் ஒரு சொல் பாக்கி இருக்கிறது. விழித்திரைமேல் ஊற்றித் துணுக்கை மேலே மிதக்கவைக்கும், தண்ணீரைவிடக் கனமான பெர்ஃபுளூரோகார்பன் திரவம். ‘கனநீர்’ என்றால் அணு உலைக் கனநீரோடு குழம்பும். ‘மிதத்தித் திரவம்’ என்று வைத்திருக்கிறேன், எனக்கே அது ஒட்டவில்லை. நல்ல சொல் இருந்தால் சொல்லுங்கள்.