38 கிலோ லெகோவோடு வீடு மாறுவது எப்படி?

பாலாற்றங்கரை:

வைகாசி கடைசியில் சத்துவாச்சாரியிலிருந்து காட்பாடி காந்தி நகருக்கு வீடு மாறுகிறோம். ஆனி பிறந்துவிட்டால் அம்மா பால் காய்ச்ச விடமாட்டார், ஆடி பற்றிப் பேச்சே வேண்டாம். அதனால் தேதியைத் தள்ள வழியில்லை. தூரம் பத்து கிலோமீட்டர்கூட இல்லை. பீரோ, கட்டிலுக்கெல்லாம் நான் கவலைப்படவில்லை. என் கவலை லெகோ, ஒன்றோடொன்று மாட்டி மாடல் கட்டும் பிளாஸ்டிக் பொம்மைக் கற்கள்.

பையனுக்கு என்று சொல்லித்தான் வாங்க ஆரம்பித்தேன். அவன் இப்போது பிளஸ் டூ, எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. உதிரி மட்டும் 38 கிலோ. பழைய பேப்பர்காரர் தராசில் போட்டுப் பார்த்தேன், வீட்டம்மா முறைத்த முறைப்பை எழுத முடியாது. எல்லாம் வடிவம் வாரியாகப் பிரித்து டப்பாக்களில் இருக்கிறது. கட்டி முடித்தவை பதினொன்று. அதில் பெரியது தாஜ்மகால், 5,923 துண்டு, அடித்தளம் மட்டும் 20 அங்குலத்துக்கு 20 அங்குலம்.

பயப்படக் காரணம் இருக்கிறது. 2018இல் ஆற்காட்டிலிருந்து (அப்போது அதுவும் வேலூர் மாவட்டம்தான்) இங்கே வந்தபோது, சாமான் ஏற்ற வந்தவர்கள் டப்பாக்களை எல்லாம் ஒரே சிமெண்ட் சாக்கில் கவிழ்த்துவிட்டார்கள். நான் கீழே வண்டியோடு நின்றிருந்தேன். தூக்கின ஆள், "இன்னா சார், கல்லு கீதா உள்ள?" என்று கேட்டபோதுதான் தெரிந்தது. அப்புறம் ஒவ்வொரு கல்லின் அடிப்பக்கக் குழாய்க்குள்ளும் சிமெண்ட் தூள், சாக்கு நார். பல் தேய்க்கும் பிரஷ்ஷையும் குண்டூசியையும் வைத்துக்கொண்டு பொங்கல் வரை உட்கார்ந்தேன்.

கேள்வி இதுதான்: கட்டியதைப் பிரிப்பதா, அப்படியே தூக்குவதா? இந்த வெயிலில் குட்டி யானையில் ஏற்றினால் தாங்குமா?

தோட்டப்பாளையம் அக்கா:

தம்பி, முதல் வேலை, டப்பாவைத் திறக்காதீங்க. மூடியோட சேத்து மெல்லிசு பாலிதீன் ரோலை நாலு சுத்து சுத்துங்க, சாப்பாட்டுத் தட்டு மேல ஒட்டுவாங்களே அது. கவிழ்ந்தாலும் கொட்டாது. ரப்பர் பேண்ட் போடாதீங்க, வெயில்ல உருகி ஒட்டிக்கும். எங்க வீட்ல கல்யாண ஆல்பமே அப்படித்தான் போச்சு.

நேதாஜி மார்க்கெட்ல பழக்கடைங்கள்ல ஆப்பிள் பெட்டி கேட்டுப் பாருங்க. ஆனா பெட்டிக்குப் பன்னெண்டு கிலோ தாண்டக் கூடாது, அடி விட்டுடும். டப்பா எல்லாத்துக்கும் மேல இருந்து ஒரு போட்டோ எடுத்து வச்சிக்கோங்க.

ஆள் வர்றதுக்கு முந்தின நாளே இதெல்லாம் தனியா ஒரு ரூம்ல போட்டுப் பூட்டிடுங்க. சாவி உங்க இடுப்புல இருக்கட்டும்.

அச்சுப்பட்டறை:

ராணிப்பேட்டையில் பிளாஸ்டிக் மோல்டிங் பட்டறையில் 26 வருஷம் இருந்தவன், அந்த உரிமையில் சொல்கிறேன். 1963 முதல் லெகோ கல் பெரும்பாலும் ஏபிஎஸ் என்கிற கெட்டி பிளாஸ்டிக்தான். அது இளக 100 டிகிரியாவது வேண்டும், நம்ம ஊர் வெயிலில் உருகாது. ஆனால் வெயிலோடு கனமும் சேர்ந்தால் நீளமான மெல்லிய பலகைகள் வளையும். வளைந்தது வளைந்ததுதான். கழுவுவதற்கே 40 டிகிரிக்கு மேல் வெந்நீர் வேண்டாம் என்று கம்பெனி சொல்கிறது, வேலூரில் நிழலே அதைத் தொடும். ஸ்டிக்கர் ஓரம் தூக்கிக்கொள்வதும் சூட்டால்தான். காலை ஐந்து மணிக்கு வண்டி கிளம்பட்டும், எட்டுக்குள் இறக்கிவிடுங்கள். புது வீட்டில் ஜன்னலோரம் வைக்காதீர்கள், வெயில் பட்டால் வெள்ளை பழுத்துவிடும்.

தாஜ்மகாலை முழுசாகப் பிரிக்க வேண்டாம். அடித்தளம் பகுதி பகுதியாகக் கழன்று வரும்படிதான் அமைத்திருக்கிறார்கள். குவிமாடம், மினார் தனித்தனியாக எடுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பெட்டி. நியூஸ்பேப்பர் கசக்கி வைத்துவிடாதீர்கள் சார். வெள்ளை மாடல், கை வியர்வை பட்டால் மை இறங்கும். பழைய வேட்டியைக் கிழித்துப் போடுங்கள்.

கோட்டை மைனா:

இவ்ளோ கஷ்டத்துக்குப் பேசாம வித்துட்டுப் போங்கண்ணே. அங்க போய் புதுசு வாங்கிக்கலாம்.

பாலாற்றங்கரை:

மைனா தம்பி, 2023 பட்ஜெட்டில் பொம்மை இறக்குமதிக்கு சுங்க வரி 70 சதவீதம் ஆகிவிட்டது. புதுசு வாங்கினால் வாடகைப் பணத்துக்கு உன்னிடம்தான் வருவேன்.

அக்கா, ரூம் பூட்டு யோசனை அருமை. இடுப்பில் சாவி, இப்போதே கட்டிக்கொண்டேன். பெட்டி ஒன்பது கிடைத்தது, இன்னும் ஆப்பிள் வாசம் போகவில்லை. அம்மா அதற்குள் இரண்டை ஊறுகாய் ஜாடிக்கு எடுத்துக்கொண்டார்.

அச்சுப்பட்டறை சார், நீங்கள் சொன்னபடி நேற்று ராத்திரி ஆரம்பித்தேன். மூன்று மினார் நோகாமல் கழன்று வந்துவிட்டது. நான்காவது இருக்கிற அடித்தளத் துண்டைத் தூக்கினால் உள்ளே பல்லி முட்டை இரண்டு, வெள்ளைக் கல்லோடு வெள்ளையாக ஒட்டிக்கொண்டு. பொரிகிற வரைக்கும் அதைத் தொடக்கூடாது என்று அம்மா உத்தரவு போட்டிருக்கிறார். பால் காய்ச்ச இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது. பல்லி முட்டை பொரிய எத்தனை நாள் ஆகும், யாருக்காவது தெரியுமா?