குளிர் தொடக்கமா, ஆறிய தொடக்கமா?

வணக்கம். ராத்திரி நின்ற வண்டியைக் காலையில் கிளப்பியதும், நின்ற இடத்திலேயே எஞ்சின் கொஞ்ச நேரம் வேகமாக ஓடுகிறதே (cold start high idle), அதற்குப் போன மடலில் பெயராக வந்த 'குளிர்தொடக்க உயர்வெற்றோட்டம்' வாயில் நுழையவில்லை என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், எனக்கு அந்தக் 'குளிர்' மேல்தான் சண்டை. நான் இருப்பது வேலூரில். மே மாதம் விடியற்காலையிலேயே சட்டை நனைந்துவிடும். அப்போதும் சாவியைத் திருப்பினால் எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று காட்டும் முள் 1400-க்கு ஏறி நின்றுகொண்டு, இரண்டு மூன்று நிமிடம் கழித்துத்தான் மெல்ல இறங்கி 800-க்கு வந்து அடங்குகிறது. எதிர்வீட்டுப் பெரியவர் திண்ணையிலிருந்தே "என்னப்பா, ஆக்ஸிலேட்டர்ல கால வச்சிட்டுத் தூங்கிட்டியா?" என்பார். இதில் குளிர் எங்கே வந்தது?

எஞ்சினுக்கு வேண்டியது 90 டிகிரி வாக்கில். ராத்திரி முழுக்க நின்ற வண்டி 30 டிகிரியில் இருந்தாலும் அதற்கு இன்னும் 60 டிகிரி பாக்கி. அந்த நிலையில் பெட்ரோல் சரியாக ஆவியாகாமல் உள்சுவரில் ஒட்டிக்கொள்ளும், ஆயிலும் கெட்டியாக இருக்கும், அதனால் கூலன்ட் சூட்டை சென்சார் சொல்லக் கேட்டு வண்டிக் கணினியே காற்றையும் பெட்ரோலையும் கூட்டி விடுகிறது. புகைக்குழாயில் புகையைச் சுத்தம் செய்ய இருக்கும் வினையூக்கியும் 250, 300 டிகிரிக்குப் போனால்தான் ஒழுங்காக வேலை செய்யும், அதைச் சீக்கிரம் காய வைப்பதும் இந்த ஓட்டம்தான். அம்பாசிடர் காலத்தில் இதையே சோக் இழுத்துவிட்டு, சூடானதும் நாமே உள்ளே தள்ளினோம்.

சூடாக இருந்து சூடு போனதற்குத் தமிழில் தனிச் சொல் இருக்கிறதே. ராத்திரி வடித்ததைக் குளிர்ந்த சோறு என்றா சொல்கிறோம்? ஆறின சோறு. டீயும் ஆறித்தான் போகும். ஆகவே 'ஆறிய தொடக்கம்'. (ஆறெஞ்சின் என்று மட்டும் சேர்த்துவிடாதீர்கள், எண்ணிப் பார்க்கக் கிளம்பிவிடுவார்கள்.)

அடுத்தது 'உயர்'. காட்பாடிப் பக்கம் எங்கள் மெக்கானிக்கிடம் கேட்டேன். "காலைல ரேஸ் ஆவறது நல்லது சார், சூடானப்புறமும் ரேஸ் நிக்கலன்னாதான் எங்கியோ காத்து லீக்கு" என்றார். இரண்டிலும் வேகம் உயர்வுதான், ஆனால் ஒன்று வண்டியின் வேலை, மற்றது வியாதி. வேகத்தை வைத்துப் பெயரிட்டால் இரண்டும் ஒரே பெயருக்குள் மாட்டிக்கொள்ளும். எதற்காக ஓடுகிறதோ அதை வைத்துச் சொல்வோமே: 'சூடேற்றோட்டம்'. 'வெதுப்போட்டம்' என்றும் யோசித்தேன், சுருக்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் வெதுப்பகம் (பேக்கரி) ஞாபகம் வந்து பன் வாசனை அடிக்கிறது.

வெறும் ஐடிலிங்குக்கு 'வெற்றோட்டம்' என்பதிலும் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. வண்டி நிற்கும்போதும் ஏசியும் பேட்டரி சார்ஜும் அந்த ஓட்டத்தில்தானே நடக்கின்றன, அப்புறம் என்ன வெறுமை? வண்டி நின்றபடி எஞ்சின் ஓடுவதால் 'நின்றோட்டம்' எனலாமா? ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள், 'குளிர்' மட்டும் வேண்டாம்.