மறுமொழி: கேஷ் – 'தற்காலிக நினைவகம்' வேண்டாமே, 'கைநகல்' சரிப்படுமா?

வணக்கம் எல்லாருக்கும்,

கம்ப்யூட்டர்ல 'கேஷ்' (cache)னு சொல்றோமே, திரும்பத் திரும்ப வேண்டியதோட நகல சீக்கிரம் எடுக்கப் பக்கத்துலயே வெச்சுக்கற எடம், அதுக்குத் தமிழ்ல என்ன சொல்லலாம்ங்கறது தான் இந்த இழையோட பேச்சு. புதுசா கத்துக்கறவங்களுக்கு 'தற்காலிக நினைவகம்' போதும், இதுக்கு மேல போனா பயந்துடுவாங்கன்னு மேல எழுதியிருந்தீங்க. எனக்கு இதுல சம்மதம் இல்லங்க. எளிமையா சொல்லணும், அதுல சந்தேகமே இல்ல, ஆனா முதல் நாள் சொன்னதோட மேல மேல சேத்துக்கிட்டே போகலாம்ங்கற மாதிரி இருக்கணும், அடுத்த மாசம் 'அது அப்படி இல்லப்பா'ன்னு வாபஸ் வாங்கற மாதிரி இருக்கக்கூடாது. இந்தச் சொல்லு ரெண்டு பாதியுமே வாபஸ் வாங்க வேண்டியது தான். 'தற்காலிக நினைவகம்'னா நிறைய பேருக்கு ரேம், அதாவது கம்ப்யூட்டர ஆஃப் பண்ணா அழிஞ்சிடற மெமரி தான் ஞாபகம் வரும். தற்காலிகமும் கெடையாது, ஒரு சர்வர் மேக்ஸ்-ஏஜ் 31536000னு, அதாவது இத்தனை செகண்ட் வரைக்கும் வெச்சுக்கலாம்னு சொல்லி அனுப்பிச்சா அந்த ஃபைல பிரவுசர் ஒரு வருஷம் வரைக்கும் திரும்பக் கேக்காம டிஸ்க்லயே வெச்சு ஓட்டலாம், கம்ப்யூட்டர ஆஃப் பண்ணாலும் போகாது.

வெப் டிசைன் சொல்லிக்குடுக்கறவங்க எல்லாரும் பாத்திருப்பீங்க. ஒரு பொண்ணு சிஎஸ்எஸ் ஃபைல்ல (பேஜோட நிறம், அமைப்பெல்லாம் சொல்ற ஃபைல்) பின்னணி நிறத்த நீலத்துல இருந்து பச்சையா மாத்தி சர்வர்ல ஏத்திட்டு பேஜத் திறந்தா நீலமாவே நிக்கும். செமிகோலன் விட்டுப்போச்சான்னு பாப்பா, ஃபோல்டர் சரியான்னு பாப்பா, கடைசில நல்லா இருந்த கோட அழிச்சிட்டு முதல்ல இருந்து எழுத ஆரம்பிச்சிடுவா. அப்போ 'தற்காலிக நினைவகத்துல பழசு இருக்கும்மா'ன்னு சொன்னா, 'அப்ப ரீஸ்டார்ட் பண்ணா போயிடுமா சார்?'னு தான் கேப்பா. அந்தச் சொல்ல வெச்சுப் பாத்தா அவ கேக்கறது ரொம்பச் சரியான கேள்வி. அவளுக்குத் தெரிய வேண்டியது வேற: நீ பாக்கறது ஒரு நகல், அசல் சர்வர்ல மாறிடுச்சு, மாறினது நகலுக்குத் தெரியாது. இவ்வளவு தெரிஞ்சா நகல விட்டுட்டு சர்வர்ல இருந்தே புதுசா எடுக்கற கன்ட்ரோல் ஷிஃப்ட் ஆர் எதுக்குன்னு அவளே புரிஞ்சுக்குவா.

கேஷுக்கு அஞ்சறைப்பெட்டி உதாரணம் ஒருத்தர் குடுத்திருந்தார். பக்கத்துல இருக்கறது, சீக்கிரம் எடுக்கறது, அது வரைக்கும் பொருந்துது. ஆனா அஞ்சறைப்பெட்டில இருக்கற கடுகு நகல் இல்ல, டப்பால இருக்கற கடுகு ராத்திரியோட ராத்திரி வேறயா மாறிடறதும் இல்ல. கேஷ்ல எல்லா வம்பும் அந்த எடத்துல தான்.

கேஷுக்கு 'பதுக்ககம்'னு வெக்கலாமாங்கறது பத்தி: ஐபிஎம் 1968ல சிஸ்டம்/360 மாடல் 85ங்கற கம்ப்யூட்டரக் கொண்டு வந்தப்போ 'ஹை ஸ்பீட் பஃபர்'னு தான் எழுதினாங்க, அவங்க ஜர்னலோட ஆசிரியர் வேற பேர் வேணும்னதால தான் கேஷ் வந்துச்சு, மறைச்சு வெக்கறதுங்கற ஃபிரெஞ்சு வேர்ல இருந்து. நாம அந்த வேரத் தமிழ்ல கொண்டு வந்தா அரிசி மூட்டை பதுக்கல் தான் ஞாபகம் வரும், நகல்ங்கற விஷயம் எங்கயும் வராது. அப்படியே 'கேஷ்'னு விட்டுடலாம்னா, தமிழ்ல எழுதினா கேஷ் கவுன்ட்டர்ல இருக்கற கேஷும் இதுவும் ஒண்ணாயிடுது. 'நகலகம்' யோசிச்சேன், அது ஊருக்கு ஊர் ஜெராக்ஸ் கடை போர்டுல இருக்கு.

அதனால 'கைநகல்'. கையிருப்பு, கைச்செலவு மாதிரி உடனே எடுக்கற தூரத்துல இருக்கற நகல். 'கையால எழுதின நகல்'னு படிக்க வாய்ப்பிருக்கு, ஒத்துக்கறேன், ஆனா 'பிரவுசர் கைநகல்', 'டிஎன்எஸ் கைநகல்' (டிஎன்எஸ்னா வெப்சைட் பேர வெச்சு அதோட ஐபி எண்ணக் கண்டுபிடிச்சுக் குடுக்கறது)னு வாக்கியத்துல வரும்போது அந்தக் குழப்பம் நிக்காது. 'இந்த நகல் பழசு, இனி எடுக்காத'ன்னு 'இன்வாலிடேட்' பண்றதுக்கு 'செல்லாததாக்கு', செல்லாத நோட்டுனா எல்லாருக்கும் தெரியும். தேடினது கேஷ்ல இருந்தா ஹிட், இல்லன்னா மிஸ்னு சொல்றாங்களே, அதுக்கு 'கைநகல்ல கெடச்சுது, கெடைக்கல' போதும், தனியா சொல்லு வேணாம்.

இதுல ஒரு எடம் இடிக்கும். பிராசசர்ல ரைட்-பேக் முறைல புது மதிப்ப முதல்ல கேஷ்ல எழுதிட்டு மெமரிக்கு அப்புறமா தான் அனுப்பறாங்க, அந்த இடைவெளில நகல் தான் புதுசு, அசல் பழசு. அதனால கலைச்சொல் பட்டியல்ல விளக்கம் எழுதறப்போ 'அழிச்சா ஒண்ணும் போகாது'ன்னு எழுதிடாதீங்க, முதல் பாடத்துலயும் வேணாம். 'அசலுக்குரிய எடம் வேற, பக்கத்துல ஒரு நகல், ரெண்டும் எப்பவும் ஒண்ணா இருக்கும்னு நம்ப முடியாது'ன்னு சொன்னா பிரவுசருக்கும் சரி, டிஎன்எஸ்ஸுக்கும் சரி, பிராசசருக்கும் சரி. அந்தப் பொண்ணு நாளைக்கு கம்ப்யூட்டர் ஆர்க்கிடெக்சர் படிக்கப் போனாலும் இதுல ஒரு எழுத்து மாத்த வேண்டியிருக்காது.

ஆண்ட்ராய்டு செட்டிங்ஸ்க்கு மொழிபெயர்க்கறவங்க இதையும் பாருங்க. பல ஃபோன்ல கிளியர் கேஷும் கிளியர் டேட்டாவும் பக்கத்து பக்கத்துல நிக்குது, ரெண்டாவத அமுக்கினா லாகின்ல இருந்து எல்லாம் போயிடும். 'கைநகலை அழி', 'செயலியின் தரவை அழி'ன்னு இருந்தா எது நகல், எது அசல்னு பட்டன்லயே தெரிஞ்சிடும். 'கைநகல்'ல மறுப்பு இருக்கறவங்க, வேற சொல்லு குடுக்கறப்போ இந்த ரெண்டு பட்டன்லயும் போட்டுப் பாத்துட்டு எழுதுங்க.

நன்றி.