வோரிகோனசோல் போட்டவர்கள் இருக்கிறீர்களா? அம்மாவுக்குக் கண்ணில் வெளிச்சம் அடிக்கிறதாம்

ஈசூன் மீனா

அம்மாவுக்கு ரத்தப் புற்றுநோய். கீமோவில் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கியிருந்த நேரத்தில் காய்ச்சல் பிடித்தது, எந்த ஆன்டிபயாடிக்குக்கும் மசியவில்லை. சிடி ஸ்கேனில் நுரையீரலில் திட்டுகள். ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சை என்றார்கள். மண்ணிலும் காற்றிலும் எங்கும் இருப்பதுதான். நாம் எல்லோரும் தினமும் அதைச் சுவாசிக்கிறோம், நமக்கு ஒன்றும் ஆவதில்லை. எதிர்ப்புச் சக்தி இல்லாதவரிடம்தான் வாலாட்டுகிறது. முதலில் வோரிகோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்தை நரம்பு வழியாக ஏற்றினார்கள். இப்போது வீட்டுக்கு வந்தாயிற்று, அதே மருந்து மாத்திரையாக, 200 மில்லிகிராம், காலை ஒன்று, இரவு ஒன்று.

மாத்திரை போட்டு அரை மணி நேரத்தில், எதிர் புளோக் முழுக்க விளக்கு போட்டதுபோல் பளிச்சென்று தெரிகிறது என்கிறார். வசந்தம் டிவியில் செய்தி வாசிப்பவரின் சேலை நிறம் மாறுகிறதாம்! கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடுகிறது. மருந்தாளர் முன்பே சொல்லியிருந்ததால் நாங்கள் பதறவில்லை. ஆனால் மாதக்கணக்கில் போட வேண்டிய மருந்து இது. உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் அல்லது ஒரு மணி நேரம் பின்னால் போட வேண்டும் என்கிறார்களே, அதை எப்படிச் சமாளித்தீர்கள்? அம்மாவுக்குக் காலையில் தேயும் ரொட்டியும் உள்ளே போகாமல் கண்ணே திறக்காது.

தோ பாயோ செல்வம்

அந்த வெளிச்சம் எனக்கும் இருந்தது தங்கச்சி. போகப் போகக் குறைந்துவிட்டது. இருட்டிய பிறகு வண்டி ஓட்டக் கூடாது என்பதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள்.

காலை மாத்திரையைப் படுக்கைக்குப் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள். கண் விழித்ததும் தண்ணீரோடு விழுங்கிவிட்டு, பல் துலக்கி, குளித்து, சாமி கும்பிட்டு வந்தால் ஒரு மணி நேரம் ஓடிவிடும். இரவில் சாப்பாட்டை ஏழு மணிக்கே முடித்துவிடுவது என் வழக்கம். இரண்டு மாத்திரைக்கும் நடுவே 12 மணி நேரம் இருக்க வேண்டும்; அது தவறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் மாற்றுச் சிறுநீரகத்தோடு இருப்பவன். உடம்பு அதைத் தள்ளிவிடாமல் இருக்க டாக்ரோலிமஸ் போடுகிறேன். அதை உடைத்து வெளியேற்றும் கல்லீரல் நொதியின் கையை வோரிகோனசோல் கட்டிப்போட்டுவிடும். அதனால் இது தொடங்கிய அன்றே டாக்ரோலிமஸை மூன்றில் ஒரு பங்காக வெட்டினார்கள். வெட்டாமல் விட்டிருந்தால் அந்த மருந்தே ரத்தத்தில் ஏறி சிறுநீரகத்தைக் கெடுத்திருக்கும். பூஞ்சை மருந்து முடியும்போது மறுபடி ஏற்ற வேண்டும், அப்போதும் ரத்தப் பரிசோதனைதான். ஆகவே அம்மா போடும் எல்லா மாத்திரைகளையும், பிரஷர் மாத்திரை உட்பட, ஒரே பையில் போட்டு மருந்தாளர் முன்னால் கொட்டுங்கள். டாக்டரைவிட இதில் அவர்கள் கெட்டிக்காரர்கள் என்பது என் கருத்து.

அப்புறம் மருந்து அளவு பார்க்க ரத்தம் எடுக்கும் நாள். அன்று காலை மாத்திரையைப் போடாமல் கையோடு எடுத்துப் போய், ரத்தம் கொடுத்த பிறகு போட வேண்டும். அடுத்த மாத்திரைக்குச் சற்று முன்பு ரத்தத்தில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதுதான் அவர்களுக்குத் தேவை. லிட்டருக்கு 1 முதல் 5.5 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்று எனக்குச் சொன்னார்கள். குறைந்தால் பூஞ்சை தப்பித்துக்கொள்ளும், கூடினால் கல்லீரலையும் மூளையையும் படுத்தும். இந்த மருந்தை மெல்ல உடைக்கும் பரம்பரை வாகு ஆசியர்களில் 15 முதல் 20 சதவீதம் பேருக்கு உண்டாம். வெள்ளைக்காரர்களில் 3 முதல் 5 சதவீதம்தான். ஒரே 200 மில்லிகிராம் உங்களுக்கு ஒரு மாதிரி, எனக்கு ஒரு மாதிரி என்பது இதனால்தான்.

வெயிலைப் பற்றி யாரும் போதிய அளவு பயமுறுத்துவதில்லை. சிங்கப்பூரில் நிலநடுக்கோட்டை ஒட்டி இருக்கிறோம், மேகம் மூடியிருந்தாலும் புற ஊதாக்கதிர் உறைக்கும். தேக்கா சந்தைக்கு மீன் வாங்கப் போய் வந்ததற்கே என் பின்கழுத்து தீய்ந்துபோய்த் தோல் உரிந்தது. கறுப்புத் தோலுக்கு வெயில் சுடாது என்பதெல்லாம் சும்மா. நீளக்கை சட்டை, தொப்பி, சன்ஸ்கிரீன் மூன்றும் வேண்டும். நீண்டகாலம் போடுபவர்களுக்குத் தோல் புற்றுநோய் அபாயமும் உண்டு என்பதால் என்னைத் தோல் டாக்டரிடமும் அனுப்பினார்கள்.

ராத்திரி ஷிஃப்ட் தாதி

மீனா, ஒன்றைப் பிரித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். வெளிச்சம், மங்கல், நிறம் மாறுவது வேறு. இல்லாத ஆள் தெரிவது, இல்லாத குரல் கேட்பது வேறு. இரண்டாவது வந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே வார்டுக்கோ கிளினிக்குக்கோ போன் போடுங்கள். கண் மஞ்சளாவது, சிறுநீர் தே-ஓ (பால் சேர்க்காத தேநீர்) நிறத்தில் போவது இதற்கும் அப்படித்தான்.

மாத்திரையால் முடிகிற கட்டத்தில் இருப்பதே பெரிய விஷயம். ஆம்ஃபோடெரிசின் என்ற பழைய பூஞ்சை மருந்தை நரம்பில் ஏற்றுகிற நோயாளிகளை நான் பார்க்கிறேன். ஒரினோகோ ஆற்றுப் பக்கத்து மண்ணில் கிடைத்த பாக்டீரியாவிலிருந்து 1950களில் எடுத்த மருந்து, இன்னும் அதற்கு வேலை இருக்கிறது. மஞ்சள் நிறத்தில் இறங்கும். சலைன் என்கிற உப்புநீரில் கலந்தால் திரிந்துவிடும், டெக்ஸ்ட்ரோஸ் என்கிற சர்க்கரைநீரில்தான் கலப்போம். ஏற்றத் தொடங்கியதும் சிலருக்குக் கட்டிலே ஆடும் அளவுக்கு நடுக்கம் வரும், போர்வை மேல் போர்வையாகப் போடுவோம். கொழுப்பு உறைக்குள் வைத்து வருகிற புதிய வகையில் இந்த நடுக்கமும் சிறுநீரகச் சேதமும் குறைவு, விலைதான் கூடுதல். பொட்டாசியம் இறங்கிக்கொண்டே இருக்கும், தினமும் ரத்தம் பார்ப்போம்.

பூன் லே ரவி

என் மாமாவுக்கு இளவயதில் காசநோய் வந்து ஆறியது. அது நுரையீரலில் விட்டுப்போன ஓட்டையில் பல வருடம் கழித்து இதே பூஞ்சை குடியேறிவிட்டது. சளியில் ரத்தம் வந்த பிறகுதான் தெரிந்தது. அவருக்கு வோரிகோனசோல் இல்லை, இட்ராகோனசோல் கேப்சூல். இதில் சாப்பாட்டு விதி அப்படியே நேரெதிர்: வயிறு நிறையச் சாப்பிட்ட கையோடு போட வேண்டும், அமிலம் இருந்தால்தான் கரையும். அதே மருந்து திரவமாக வந்தால் வெறும் வயிற்றில். குழப்பம்தான், என்ன செய்வது!

மாமா நெஞ்செரிச்சலுக்கு ஒமேப்ரசோல் போட்டுக்கொண்டிருந்தார். அது வயிற்று அமிலத்தைக் குறைப்பதால் ரத்தத்தில் இட்ராகோனசோல் அளவு ஏறவே இல்லை. கேப்சூலைக் கோக்கோடு விழுங்கச் சொன்னார்கள். இனிப்புநீர் (நீரிழிவு) இருப்பவர் என்றாலும் சாதாரண கோக்தான்; சர்க்கரை இல்லாத வகையில் அமிலம் போதாதாம். அத்தைக்கு இன்றுவரை நம்பிக்கை இல்லை, மருந்தைக் கோக்கோடு விழுங்கச் சொல்கிற டாக்டரை எங்கே பிடித்தாய் என்று என்னைக் கேட்கிறார். கொலஸ்ட்ராலுக்குப் போட்ட சிம்வாஸ்டாட்டினையும் நிறுத்தினார்கள், இரண்டும் சேர்ந்தால் தசை அழியுமாம். கால் வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ உடனே வரச் சொல்லியிருக்கிறார்கள், இந்த மருந்துக்கு இதயத்தைத் தளர்த்தும் குணம் உண்டு. ஊரிலிருந்து சொந்தக்காரர் அனுப்பிய மூலிகைச் சூரணம் டப்பா திறக்காமல் அலமாரியில் இருக்கிறது. அது இருக்கட்டும்.

கிளமெண்டி வாசகி

எங்கள் அண்ணனுக்குக் கிரிப்டோகாக்கஸ் என்ற வேறொரு பூஞ்சை, மூளை உறையில். தலைவலி என்று பனடால் போட்டுக்கொண்டே இருந்தார், பிறகு ஒன்று இரண்டாகத் தெரிய ஆரம்பித்தது. மண்டைக்குள் அழுத்தத்தைக் குறைக்க முதுகில் ஊசி போட்டுத் திரும்பத் திரும்ப நீர் எடுத்தார்கள். ஆம்ஃபோடெரிசினுக்குப் பிறகு ஃபுளூகோனசோல் மாத்திரை, மொத்தம் ஒரு வருடத்துக்கு மேல். புறா எச்சத்தில் இந்தப் பூஞ்சை இருக்கும். புறாவுக்குத் தீனி போடுவது இங்கே குற்றம் என்று தெரிந்தும் எங்கள் புளோக்கின் கீழே தினமும் சோறு கொட்டுகிறார்கள், சொன்னால் சண்டைக்கு வருகிறார்கள். அண்ணனுக்கு அங்கிருந்துதான் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. எனக்குக் கோபம் மட்டும் தீரவில்லை.

ஈசூன் மீனா

எல்லோருக்கும் நன்றி. தாதி அக்கா சொன்னது அப்படியே நடந்தது. சமையலறை ஜன்னலுக்கு வெளியே ஒரு பாட்டி உட்கார்ந்து பூ கட்டுகிறார் என்றார் அம்மா. எங்கள் வீடு 11வது மாடி. அன்றைக்கே போன் செய்தேன், வரச் சொன்னார்கள். அளவு 5.5ஐத் தாண்டியிருந்தது, கல்லீரல் எண்களும் கொஞ்சம் ஏறியிருந்தன. மருந்தை நிறுத்தவில்லை, அளவைக் குறைத்திருக்கிறார்கள். பூ கட்டும் பாட்டி போய்விட்டார், பளிச்சென்ற வெளிச்சம் மட்டும் லேசாக இருக்கிறது.

மாத்திரைப் பையையும் கொண்டுபோய்க் கொட்டினேன் அண்ணே. மருந்தாளர் இரண்டை எடுத்துத் தனியே வைத்து டாக்டரிடம் பேசிவிட்டுத்தான் எங்களை அனுப்பினார். அடுத்த வாரம் மறுபடி ரத்தம். காலை மாத்திரைக்கு முன் எடுக்க வேண்டும் என்பதால் எட்டரை மணிக்கே நேரம் வாங்கியிருக்கிறேன், பிளாஸ்க்கில் தேயும் பையில் ரொட்டியும் கூடவே வரும்.